தாயா, சேயா? கேள்வி அவரிடமே வந்தது... யார் இந்த டாக்டர் ஜியானா மோல்லா?

நம்ம சினிமாவில் பலமுறை பார்த்த காட்சிதான். ஆபரேஷன் தியேட்டர் கதவு திறக்கும். டாக்டர் வெளியே வருவார், மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றுவார். தாய், குழந்தை ரெண்டு பேரில் ஒருத்தரைத்தான் காப்பாற்ற முடியும், யார் வேணும் என்று கணவரிடம் கேட்பார். கணவர் சுவரில் சாய்ந்து அழுவார்.

இந்தக் காட்சியில் ஒரு விஷயத்தை நாம் கவனிப்பதே இல்லை. உள்ளே படுத்திருக்கும் அந்தப் பெண்ணிடம் யாருமே எதையும் கேட்பதில்லை.

1961-ல் இத்தாலியில் கிட்டத்தட்ட இதே கேள்வி ஒரு பெண்ணிடமே நேரடியாக வந்தது. அப்போது அவர் ரெண்டு மாத கர்ப்பிணி. வீட்டில் ஏற்கெனவே மூன்று சின்னக் குழந்தைகள். கேட்ட டாக்டர்களுக்குத் தெரிந்த அத்தனை ஆபத்தும் அவருக்கும் தெரியும். ஏன்னா அவரும் ஒரு டாக்டர்.

அவர்தான் ஜியானா பெரெட்டா மோல்லா. கத்தோலிக்கத் திருச்சபை 2004-ல் இவரைப் புனிதராக அறிவித்தது. இவர் கதை உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. ஆனா பெரும்பாலும் தப்பாகவே சொல்லப்படுகிறது. கேன்சர் வந்தும் சிகிச்சையே வேண்டாம் என்று மறுத்து உயிரைவிட்டவர் என்று சிலர் சொல்வதுண்டு. அவருக்கு வந்தது கேன்சர் இல்லை. சிகிச்சையையும் அவர் மறுக்கவில்லை.

அப்போ உண்மையில் நடந்தது என்ன? கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

13 பேரில் 10-வது குழந்தை

1922 அக்டோபர் 4. மிலான் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மஜெந்தா என்ற ஊரில் பிறந்தார் ஜியானா. அப்பா ஆல்பெர்ட்டோ, அம்மா மரியா. இவர்களுக்குப் பிறந்த 13 குழந்தைகளில் ஜியானா 10-வது. அந்தக் காலத்துப் பல வீடுகளைப்போலவே, இந்த வீட்டிலும் சில குழந்தைகள் சிறுவயதிலேயே இறந்துபோனார்கள். மிஞ்சியவர்கள் நன்றாகப் படித்தார்கள். டாக்டர்கள், பாதிரியார்கள் என்று அண்ணன்மார் ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942-ல், சில மாத இடைவெளியில் அம்மாவையும் அப்பாவையும் இழந்தார் ஜியானா. அப்போது அவருக்கு 20 வயதுகூட முழுதாக ஆகவில்லை. அதே வருடம்தான் மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். முதலில் மிலான், பிறகு பாவியா பல்கலைக்கழகம். 1949 நவம்பரில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

மறுவருடமே மஜெந்தாவுக்குப் பக்கத்தில் உள்ள மெசேரோ கிராமத்தில் சொந்தமாக ஒரு கிளினிக் தொடங்கினார். 1952-ல் குழந்தைகள் நல மருத்துவத்தில் சிறப்புப் பட்டமும் பெற்றார். தாய்மார், கைக்குழந்தைகள், வயதானவர்கள், ஏழைகள்... அந்தக் கிளினிக்குக்கு அதிகம் வந்தது இவர்கள்தான்.

அவருக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. அண்ணன் ஒருவர் பிரேசில் நாட்டின் கிராஜாவு என்ற உள்பகுதி ஊரில் துறவியாகவும் டாக்டராகவும் வேலை செய்துகொண்டிருந்தார். அங்கே போய் அவருக்கு உதவியாக இருக்கணும் என்று நினைத்தார் ஜியானா. அந்த ஊர் வெயிலை உங்கள் உடம்பு தாங்காது என்று சொல்லித் தடுத்துவிட்டார்கள்.

பனிச்சறுக்கு, மலையேற்றம், ஃபேஷன் புத்தகம்

புனிதர் என்றதும் நமக்கு ஒரு உருவம் மனசில் வரும். ஜியானா அந்த உருவத்துக்குள் அடங்கமாட்டார். மலை ஏறுவார். பனிச்சறுக்கு விளையாடுவார். ஓவியம் வரைவார். கார் ஓட்டுவார். நல்ல உடை உடுத்தப் பிடிக்கும்.

1954 டிசம்பரில் பியெத்ரோ மோல்லா என்ற என்ஜினீயருடன் நெருக்கமாகப் பழகத் தொடங்கினார். ஒரு பெரிய தீப்பெட்டி நிறுவனத்தில் அதிகாரியாக இருந்தவர் பியெத்ரோ. ஜியானாவைவிடப் பத்து வயது மூத்தவர். 1955 செப்டம்பர் 24-ல் மஜெந்தா தேவாலயத்தில் கல்யாணம். அடுத்த வருடம் ஒரு மகன், அதற்கடுத்த வருடம் ஒரு மகள், 1959-ல் இன்னொரு மகள். மூன்று குழந்தைகளை வளர்த்துக்கொண்டே கிளினிக்கையும் விடாமல் நடத்தினார்.

மூன்றாவது குழந்தைக்குப் பிறகு ரெண்டு முறை கரு தானாகவே கலைந்துபோனது. அந்த வலியோடு இருந்தவருக்கு 1961 கோடையில் மீண்டும் கரு உருவானது. இந்தத் தடவையும் நிம்மதி கிடைக்கவில்லை.

ரெண்டாவது மாதத்தில் வந்த கட்டி

இரண்டாவது மாதம் முடியப்போகும் நேரம். ஜியானாவின் கர்ப்பப்பையில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. ஃபைப்ராய்டு என்று நாம் கேள்விப்படுகிறோமே, அந்த நார்த்திசுக் கட்டிதான். இது கேன்சர் கட்டி கிடையாது. பல பெண்களுக்கு வருவதுதான். ஆனா கர்ப்ப காலத்தில் சிலருக்கு இந்தக் கட்டி கடுமையான வலியையும் சிக்கலையும் உண்டாக்கும்.

இன்றைக்கு என்றால் உடனே ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அன்றைக்கு அந்த வசதி இல்லை. கர்ப்பிணிகளுக்கு அல்ட்ராசவுண்ட் பயன்படுத்தலாம் என்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர டாக்டர் இயன் டொனால்டு குழுவினர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டதே 1958-ல்தான். அது எல்லா ஊர் ஆஸ்பத்திரிக்கும் வந்து சேர இன்னும் பல வருடங்கள் ஆனது. கையால் பரிசோதித்து, அனுபவத்தை வைத்து முடிவெடுத்த காலம் அது.

ஆபரேஷன் செய்தே ஆகணும் என்ற நிலை. ஜியானா முன்னால் மூன்று வழிகள் இருந்ததாக அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

வழி 1: கர்ப்பப்பையையே மொத்தமாக எடுத்துவிடுவது. தாய்க்கு இதுதான் பாதுகாப்பு. கரு பிழைக்காது. இனி குழந்தையும் பிறக்காது.

வழி 2: கட்டியை எடுத்துவிட்டு, கர்ப்பத்தையும் கலைத்துவிடுவது. பின்னாளில் இன்னொரு குழந்தை பெற வாய்ப்பு இருக்கும். ஆனா அன்றைய இத்தாலியச் சட்டம் கருக்கலைப்பைக் குற்றமாகப் பார்த்தது.

வழி 3: கட்டியை மட்டும் எடுப்பது, கருவைத் தொடாமல் விடுவது. மூன்றில் தாய்க்கு அதிக ஆபத்து இதில்தான்.

ஏன் ஆபத்து? கர்ப்ப காலத்தில் கர்ப்பப்பைக்கு ரத்த ஓட்டம் ரொம்ப அதிகமாக இருக்கும். அந்த நேரத்தில் கட்டியை அறுத்தால் ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போகலாம். அதைத் தாண்டி வந்தாலும், தையல் போட்ட கர்ப்பப்பை அடுத்த ஏழு மாதமும் பெரிதாகிக்கொண்டே போகும். தழும்பு இருக்கும் இடம் கிழிய வாய்ப்பு உண்டு.

இதையெல்லாம் யாரும் அவருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தெரிந்தேதான் மூன்றாவது வழியைக் கேட்டார். 1961 செப்டம்பர் 6-ல் மோன்சா நகர ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. கட்டியை எடுத்தார்கள். கருவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜியானாவும் பிழைத்தார்.

மதம் அவரைக் கட்டாயப்படுத்தியதா?

இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கத்தோலிக்கப் பெண், மதம் சொன்னபடி நடந்தார், வேறு வழியே இல்லை என்று நினைக்கிறார்கள். விஷயம் அப்படி இல்லைங்க.

கத்தோலிக்க அறநெறியில் இரட்டை விளைவுக் கொள்கை என்று ஒன்று உண்டு. 13-ம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் தற்காப்பைப் பற்றி எழுதியதில் அதன் வேர் இருக்கிறது. எளிமையாகச் சொன்னால் இதுதான்: ஒரு நல்ல காரியத்தைச் செய்யும்போது, நாம் விரும்பாத ஒரு கெட்ட விளைவும் சேர்ந்து வரலாம். அந்தக் கெட்ட விளைவு நம் நோக்கமாகவோ, நாம் பயன்படுத்தும் வழியாகவோ இல்லாமல், காரணமும் அதற்கு ஈடாகப் பெரிதாக இருந்தால், அந்தக் காரியத்தைச் செய்யலாம்.

இதை இங்கே பொருத்திப் பாருங்கள். நோயுள்ள கர்ப்பப்பையைத் தாயின் உயிருக்காக எடுக்கிறார்கள். அதனால் கரு இறந்துபோகும் என்று தெரியும். ஆனா கருவை அழிப்பது நோக்கம் இல்லை. அப்படிப்பட்ட ஆபரேஷனுக்குத் தடை இல்லை என்பதுதான் திருச்சபையின் நிலைப்பாடு. இந்த மாதிரி நிலைமையைப் பற்றி 1951-லேயே போப் 12-ம் பயஸ் ஓர் உரையில் பேசியிருக்கிறார்.

அதாவது, முதல் வழியை ஜியானா எடுத்திருந்தால் அவர் மதமே அவரைக் குறை சொல்லியிருக்காது. அவர் எடுத்த முடிவு கடமைக்கும் மேலே போனது. அதனால்தான் அதைப் புனிதம் என்று திருச்சபை கொண்டாடுகிறது. எல்லாரும் செய்தே ஆகவேண்டிய சாதாரண கடமையாக இருந்தால், அதற்குத் தனியாகப் பட்டம் எதற்கு?

சாக ஆசைப்பட்டவர் இல்லை

இன்னொரு தப்பான எண்ணம், அவர் சாவை விரும்பி ஏற்றார் என்பது. பியெத்ரோ பின்னாளில் பகிர்ந்த நினைவுகள் வேறு மாதிரி இருக்கின்றன. கர்ப்ப காலத்தில் அவர் வேலை விஷயமாகப் பாரிஸ் போகும்போது, ஃபேஷன் புத்தகங்கள் வாங்கிவரச் சொன்னாராம் ஜியானா. பிரசவம் நல்லபடியாக முடிந்து பிழைத்தால் புது உடைகள் தைத்துக்கொள்ளணும் என்று ஆசை.

ரெண்டு உயிரும் பிழைக்கணும் என்பதுதான் அவர் எதிர்பார்ப்பு. ஒருவேளை ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்ற நிலை வந்தால், யோசிக்காமல் குழந்தையைக் காப்பாற்றுங்கள் என்று பிரசவத்துக்கு முன்பே கணவரிடம் தெளிவாகச் சொல்லி வைத்திருந்தார். பிரசவ நேரத்தில் அந்தக் கேள்வி பியெத்ரோ தலையில் தனியாக விழக்கூடாது என்று பார்த்துக்கொண்டார்.

அந்தக் கடைசி வாரம்

1962 ஏப்ரல் 20, புனித வெள்ளி. மோன்சா ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். மறுநாள் சிசேரியன். பெண் குழந்தை, எடை சுமார் நாலரை கிலோ. நல்ல ஆரோக்கியம். ஜியானா எம்மானுவேலா என்று பெயர் வைத்தார்கள்.

அம்மாவுக்கு அதே நாளிலிருந்து நிலைமை மோசமானது. வயிற்றின் உள்சவ்வில் கிருமித்தொற்று. டாக்டர்கள் பெரிடோனைட்டிஸ் என்பார்கள். தொற்று உடம்பு முழுக்கப் பரவியது. கடும் வலி, காய்ச்சல். பென்சிலின் போன்ற மருந்துகள் வந்துவிட்ட காலம்தான். ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை.

ஏப்ரல் 28 அதிகாலையில் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். காலை 8 மணிக்கு அங்கேயே உயிர் பிரிந்தது. வயது 39. மெசேரோவில் அடக்கம் செய்தார்கள்.

கவனியுங்கள். செப்டம்பரில் நடந்த ஆபரேஷனில் அவர் இறக்கவில்லை. அதைத் தாண்டி ஏழரை மாதம் வாழ்ந்தார். உயிரைப் பறித்தது பிரசவத்துக்குப் பிறகு வந்த தொற்று. முதல் முடிவும் கடைசி வாரமும் ஒரே கர்ப்பத்தின் கதைதான், ஆனா சிகிச்சையை மறுத்ததால் செத்தார் என்று ஒரே வரியில் சொல்வது நடந்ததை மாற்றிச் சொல்வதாகிவிடும்.

பியெத்ரோ மறுமணம் செய்யவில்லை. நாலு குழந்தைகளையும் வளர்த்தார். இரண்டாவது குழந்தை மரியோலினா 1964-ல் ஆறே வயதில் நோயால் இறந்துபோனாள். ரெண்டே வருடத்தில் மனைவியையும் மகளையும் பறிகொடுத்தார் அந்த மனிதர்.

புனிதர் பட்டமும் எழுந்த கேள்விகளும்

1994 ஏப்ரல் 24-ல் போப் 2-ம் ஜான் பால், ஜியானாவுக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார். 2004 மே 16-ல் புனிதர் பட்டம். அந்த விழாவில் 91 வயது பியெத்ரோ பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். அம்மா உயிரைக் கொடுத்துப் பெற்ற அந்த மகளும் அங்கே இருந்தார். அவரும் டாக்டர், முதியோர் மருத்துவத்தில். 2010-ல் பியெத்ரோ இறக்கும்வரை அப்பாவைக் கூடவே இருந்து கவனித்துக்கொண்டார்.

பாராட்டு ஒரு பக்கம் என்றால் கேள்விகளும் வந்தன. வீட்டில் இருந்த மூன்று குழந்தைகளின் கதி என்ன? அவர்களுக்கு அம்மா வேண்டாமா? இதை முன்மாதிரி என்று காட்டினால், நாளைக்கு இதே நிலையில் இருக்கும் வேறொரு பெண் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளணும் என்று நினைத்தாலே குற்ற உணர்ச்சி வராதா?

இந்தக் கேள்விகளை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இத்தாலியிலேயே இதற்கிடையில் நிறைய மாறியிருந்தது. 1978-ல் வந்த 194-ம் எண் சட்டம், முதல் 90 நாட்களுக்குள் கருக்கலைப்பை அனுமதித்தது. அதன்பிறகு தாயின் உயிருக்குக் கடுமையான ஆபத்து போன்ற நிலைமைகளில் அனுமதி. இந்தச் சட்டத்தை எதிர்த்து 1981-ல் பொதுவாக்கெடுப்பு நடந்தது. மக்கள் சட்டத்தை ஆதரித்தே ஓட்டுப் போட்டார்கள்.

இன்றைய மருத்துவம் எப்படி முடிவெடுக்கிறது?

முதலில் ஒரு ஆறுதலான செய்தி. கர்ப்பத்தில் ஃபைப்ராய்டு இருக்கு என்று ஸ்கேனில் வந்தால் பதற வேண்டியதில்லை. பெரும்பாலும் அதைத் தொடவே மாட்டார்கள். வலிக்கு மருந்து, ஓய்வு, அடிக்கடி பரிசோதனை, அவ்வளவுதான். பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்வார்கள்.

நிஜமான சிக்கல் வரும்போது டாக்டர்கள் சில கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஒன்று, காத்திருக்க முடியுமா? உதாரணத்துக்கு, கர்ப்பிணிக்குக் கேன்சர் வந்தால் முதல் மூன்று மாதத்தில் கீமோதெரபியைத் தவிர்ப்பார்கள். கருவின் உறுப்புகள் உருவாகும் நேரம் அது. நாலாவது மாதத்துக்குப் பிறகு சில வகை மருந்துகளைக் கொடுக்க முடியும். கொஞ்சம் காத்திருந்தாலே சில சமயம் ரெண்டு உயிரும் தப்பிக்கும்.

ரெண்டு, காத்திருந்தால் என்ன நடக்கும்? கரு கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் தங்கிவிட்டால், அந்தக் கரு வளர்ந்து குழந்தையாக வழியே இல்லை. குழாய் வெடித்தால் தாய் உயிருக்கு ஆபத்து. இங்கே தாயா சேயா என்ற கேள்விக்கே இடமில்லை, உடனே சிகிச்சைதான். பனிக்குடம் சீக்கிரமே உடைந்து தொற்று பரவ ஆரம்பித்தாலும் அப்படித்தான். தாமதம் தாயைக் கொன்றுவிடும்.

மூன்று, யார் முடிவு செய்வது? 1979-ல் அமெரிக்க அறிஞர்கள் பியூசாம்ப், சில்ட்ரஸ் இருவரும் எழுதிய மருத்துவ அறநெறி நூல் நாலு அடிப்படைகளைச் சொல்கிறது. நோயாளியின் விருப்பத்துக்கு மதிப்பு, நன்மை செய்தல், தீங்கு செய்யாதிருத்தல், நியாயம். உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் படிக்கும் பட்டியல் இது. கணவர், மாமியார், மதத் தலைவர், டாக்டர் என்று எல்லாரும் ஆலோசனை சொல்லலாம். ஆனா சுயநினைவோடு இருக்கும் பெண், எல்லா விவரமும் தெரிந்துகொண்டு எடுக்கும் முடிவுதான் முன்னால் நிற்கணும்.

ஜியானா கதையில் எதை எடுத்துக்கொள்வது?

இவர் கதையைச் சொல்லி, எல்லாப் பெண்களும் இப்படித்தான் செய்யணும் என்று ஒரு தரப்பு வாதாடுகிறது. மதம் ஒரு பெண்ணை பலி வாங்கிவிட்டது என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. ரெண்டு பேருமே ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஜியானாவிடம் கேட்டார்கள். முழு விவரமும் அவருக்குத் தெரிந்திருந்தது. என்ன வேணும் என்று அவரே சொன்னார். சொன்னதை டாக்டர்கள் மதித்தார்கள். அவர் தேர்ந்தெடுத்த வழியை நாம் ஏற்கலாம், ஏற்காமல் போகலாம். அதே நிலையில் இன்னொரு பெண், வீட்டில் இருக்கும் மூன்று குழந்தைகளுக்காக நான் பிழைக்கணும் என்று சொல்லியிருந்தால், அந்த முடிவும் அதே அளவு மதிக்கப்பட வேண்டியதுதான். அவர் தன் உடம்பைப் பற்றி எடுத்த முடிவை, இன்னொருத்தர் தலையில் உத்தரவாக ஏற்றி வைக்க முடியாது.

அன்றைக்கு ஜியானாவுக்குக் கிடைத்த அந்த வாய்ப்பு எல்லாப் பெண்களுக்கும் கிடைப்பதில்லை. ரிப்போர்ட் கையில் வந்ததும் டாக்டர் கணவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது இன்னும் நடக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு நிலைமை வந்தால், டாக்டரிடம் நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: எங்களுக்குச் சொல்வதை அவளுக்கும் முழுசாகச் சொல்லுங்கள், அவள் என்ன நினைக்கிறாள் என்று அவளிடமே கேளுங்கள்.